பீலிக்கு மேலே

எங்கள் லயத்துப் பீலியில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்குத் தண்ணீர் விழும் குழாய்வாயில், தண்ணீர் வராமல் நின்று நான் பார்த்ததில்லை. இலங்கை மலைநாட்டில் எங்கள் மஸ்கெலியாப் பக்கம் மாசி, பங்குனியில் சின்ன ஓடைகள் வெறும் கல்லாகக் கிடக்கும். அப்போதும் இது குடம் நிறைக்கும். எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் அப்பாயி, "முனி காவலிருக்கிற இடம், உச்சி வெயில்ல அங்க போகக் கூடாது" என்பார்.

போன தை மாதம் மாமாவோடு ஏறிவிட்டேன். விடியலிலேயே கிளம்பினோம். கைவிட்ட தேயிலை மலை, மானாப் புல், அதற்கு மேலே காடு. உள்ளே ஓரிடத்தில் மாமா நின்று ஒரு செடியைக் காட்டினார். கோப்பி! ஆள் உயரம் தாண்டி வளர்ந்து, நாலைந்து சிவப்புப் பழத்தோடு நின்றது. 1869இல் இலையில் துரு நோய் விழுந்து, இருபது வருடத்துக்குள் இங்கத்தைத் தோட்டங்களில் அழிந்துபோன பயிர். அதன் மிச்சமோ? சரி, விதை பறவை போட்டதாகவும் இருக்கலாம்.

பத்தடி தள்ளித்தான் ஊற்று. பெரிய பாறைக்கு அடியில் கை நுழைகிற அளவு வெடிப்பு. மூன்று பக்கமும் சாந்தில்லாமல் கல் அடுக்கி, சின்னத் தொட்டி. தோட்ட வேலைக்காக மன்னாரிலிருந்து மாத்தளை வழியாக நடந்து வந்த கோப்பிக் காலத்து ஆட்கள் யாராவது அடுக்கியிருப்பார்களோ? தோட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. வெடிப்புக்குள் கையை முழங்கை வரை விட்டுப் பார்த்தேன், முடிவு எட்டவில்லை. குளிரில் விரல் விறைத்திருந்தது. தண்ணீரோ வெதுவெதுப்பாக இருந்தது. நிலத்தடித் தண்ணீருக்கு எந்நேரமும் ஏறக்குறைய ஒரே சூடுதான். தொட்டியின் அடியில் மணல் உலைச்சோறு மாதிரி மெல்லத் துள்ளிக்கொண்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஆனி, ஆடி மழை காட்டு மண்ணில் இறங்கி, பாறை வெடிப்புகளில் தேங்கி, மாதக்கணக்கில் கசிந்து வருவதால்தான் கோடையிலும் இது ஓடுகிறது. உச்சிக் காட்டில் பாசியும் இலையும் பனிமூட்டத்தைப் பிடித்து வேறு சொட்டும். ஆனால் அந்த வெடிப்பு மலைக்குள் எந்தப் பக்கம் போகிறதென்று வெளியே நின்று சொல்ல முடியாது. 2014இல் உமா ஓயா நீர்த் திட்டத்துக்காக மலைக்குள் தோண்டிய சுரங்கத்துக்குள் தண்ணீர் பாய்ந்த பிறகு பண்டாரவளைப் பக்கம் கிணறுகள் வற்றியதை மறக்க முடியுமா? மேலே காட்டை வெட்டலாம் என்று யாராவது பேசினாலே எனக்கு வயிறு கலங்குகிறது.

தொட்டியில் விழுந்திருந்த சருகை மாமா அள்ளி வெளியே போட்டார். பக்கத்துக் கல்லில் கற்பூரக் கரி இருந்தது.

இறங்கி வந்து ஒரு போத்தல் தண்ணீரை அப்பாயி கையில் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டார். "உச்சிக்கு முந்தியே இறங்கிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.