துருவில் கரைந்த வண்டியை வேறு சேஸில் ஏற்றுவது: மலைப்பகுதி அனுபவங்கள்

கோத்தகிரியிலிருந்து:

நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் ஓடிய பழைய ஜீப்புகளில் பல, இரண்டாம் உலகப் போருக்காக அமெரிக்காவில் 1941 முதல் 1945 வரை கட்டப்பட்டு, போர் முடிந்ததும் ராணுவ ஏலத்தில் விலைபோனவை. என் பெரியப்பா வழியாக எங்கள் வீட்டுக்கு வந்ததும் அப்படிப்பட்ட ஒரு வில்லிஸ் எம்.பி. ஜீப்தான். நெடுங்காலம் கொழுந்து மூட்டையும் உர மூட்டையும் சுமந்து, பிறகு தகரக் கொட்டகையில் நின்றுபோன அந்த வண்டியை அதன் சொந்தச் சேஸில், அதாவது எஞ்சினையும் சக்கரங்களையும் பாடியையும் தாங்கும் அடிச்சட்டத்தில், மீட்க முடியாது என்று உறுதியான பிறகே மஹிந்திரா ஜீப் ஒன்றின் சேஸைத் தேடினேன். அந்த முடிவுக்கு எப்படி வந்தோம் என்பதை முதலில் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். துரு அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக மூலச் சேஸைப் பழைய இரும்புக்குப் போடுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

கடற்கரை ஊர்களில் வண்டியை அரிப்பது உப்புக் காற்று. மலையில் உப்பு ஏது என்று கேட்பார்கள். தோட்டத்து ஜீப்புக்கு உப்பு, உர மூட்டையில் வருகிறது. பொட்டாஷ் என்று நாம் வாங்குவது பொட்டாசியம் குளோரைடு. அதிலுள்ள குளோரைடு இரும்பை அரிப்பதில் கடல் உப்புக்குச் சளைத்ததன்று. அம்மோனியம் சல்பேட்டும் ஈரத்தில் கரைந்தால் அமிலத் தன்மை கொள்ளும். மூட்டையிலிருந்து சிந்தும் தூள் தரையின் இடுக்குகளில் இறங்கி, வடகிழக்குப் பருவமழையின்போது கோத்தகிரியில் நாள்கணக்கில் விலகாத மூடுபனியில் ஊறி, காய்வதற்கு வாய்ப்பே இல்லாமல் சேஸின் மேல் விளிம்பில் தங்கிவிடுகிறது. இதோடு, வில்லிஸ் எம்.பி.யின் தரைத் தகட்டுக்கு அடியில் உள்ள தொப்பி வடிவத் தாங்கிகளுக்குள் மரக்கட்டை வைத்துக் கட்டியிருந்தார்கள். அந்தக் கட்டை நீரைக் குடித்து வைத்துக்கொண்டு, தகட்டை உள்ளிருந்தே தின்றுவிடும். மேலே பச்சை வண்ணம் பளபளவென்று இருக்க, கீழே கையை வைத்தால் செதில் செதிலாக உதிர்ந்தது.

சேஸைச் சோதிக்கும்போது கம்பித் தூரிகையால் தேய்த்துப் பார்ப்பது மட்டும் போதாது. சுத்தியலின் உருண்டை முனையால் ஓர் அங்குல இடைவெளியில் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும், கெட்ட இடம் மந்தமாகச் சத்தமிடும். பின் குறுக்குச் சட்டம் மட்டும் போயிருந்தால் அதை வெட்டி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைக்கலாம். அதற்காக யாரும் சேஸை மாற்ற வேண்டியதில்லை. எங்கள் வண்டியிலோ, முன் ஸ்பிரிங் பட்டைகளைத் தாங்கும் இடங்கள் இரண்டு பக்கமும் போயிருந்தன. ஸ்டீயரிங் பெட்டி பொருத்தப்படும் சட்டத்தில் விரிசலும் அதன் மேல் யாரோ எப்போதோ போட்ட ஒட்டுத் தகடும் இருந்தன. இரட்டைத் தகடாக மூடப்பட்ட பகுதிகளுக்குள் ஸ்க்ரூ டிரைவர் தடையின்றி இறங்கியது. சக்கரத்தையும் ஸ்டீயரிங்கையும் பிடித்திருக்கும் இடங்களே நம்பத்தகாதவையாகிவிட்டால், அந்த வண்டியை மேட்டுப்பாளையம் இறக்கத்தில் ஓட்டுவது நமக்கு மட்டுமல்லாமல் எதிரில் வருகிறவர்களுக்கும் ஆபத்து. எங்கள் டிங்கர் மாஸ்டர் அதைப் பார்த்துவிட்டு, "இதுல ஒட்டுப் போட்டா ஒட்டுதான் மிஞ்சும், சார்" என்றார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது.

மாற்றாக வாங்கியது 1970களில் கட்டப்பட்ட மஹிந்திரா சி.ஜே. 3பி ஜீப் ஒன்றின் சேஸ். கோவை உக்கடத்தில் பழைய இரும்பு வியாபாரம் செய்யும் ஒருவர் மூலம், உரிமையாளரின் ஆர்.சி. புத்தகத்தோடு சேர்த்து வாங்கினேன். எம்.பி.க்கும் 3பி-க்கும் சக்கர இடைவெளி ஒன்றே. இரண்டும் 80 அங்குலம். 3பி-யின் பானெட் உயர்ந்து நிற்பதற்குக் காரணம் சேஸ் அன்று. அதில் வந்த எஃப்-ஹெட் எஞ்சின் உயரமானது என்பதே. ஆகவே எம்.பி.யின் தாழ்ந்த முன்புறத்தை வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் எம்.பி.யோடு வந்த தாழ்வான எல்-ஹெட் எஞ்சினையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டும். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

சேஸை வாங்குவதற்கு முன்பே அதைச் சமமான சிமென்ட் தரையில் தாங்கிகள் மேல் நிறுத்தி, ஸ்பிரிங் தாங்கும் புள்ளிகளிலிருந்து தூக்குக் குண்டு இறக்கித் தரையில் சாக்பீஸால் குறித்து, மூலைக்கு மூலை அளந்தோம். இரண்டு மூலைவிட்டங்களும் ஒத்துவர வேண்டும். 3 மில்லிமீட்டருக்கு மேல் வேறுபாடு இருந்தால் அந்தச் சேஸ் எங்கோ மோதியிருக்கிறது என்று வைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவது என் வழக்கம். வண்ணம் புதிதாக அடித்திருக்கும் சேஸை நான் தொடுவதே இல்லை.

உண்மையான வேலை அதன் பிறகே தொடங்கியது. எம்.பி. இடதுகை ஓட்டு வண்டி; இங்கே கட்டப்பட்ட 3பி வலதுகை ஓட்டு. ஸ்டீயரிங் பெட்டி, பெடல்கள், பிரேக் மாஸ்டர் சிலிண்டர் ஆகிய அனைத்தும் பாடியில் அல்லாமல் சேஸில் பொருத்தப்படுபவை. எம்.பி.யின் தரையில் பெடல் துளைகள் இடப்பக்கம். பெட்ரோல் டாங்கி ஓட்டுநர் இருக்கைக்கு அடியில், அதுவும் இடப்பக்கம். பாடியை மாற்றுவதா, சேஸின் தாங்கிகளை இடம் மாற்றுவதா என்று நீண்ட நேரம் யோசித்தோம். பாடியை வெட்டினால் மிஞ்சியிருக்கும் எம்.பி.யும் போய்விடும் என்பதால், பழைய சேஸிலிருந்து ஸ்டீயரிங் தாங்கியின் அளவுகளை அட்டையில் பிரதியெடுத்து, கனமான தகட்டில் புதிதாக வெட்டி, சட்டத்தின் உட்புறம் வலுத்தகடு கொடுத்து இடப்பக்கம் பொருத்தினோம். ஸ்டீயரிங் தாங்கியைப் பற்றவைக்கும் பொறுப்பை, கனரக வாகனச் சேஸ்களில் வேலை செய்து பழகிய ஒருவரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். இதில் காசு பார்க்கவே கூடாது.

பாடியைத் தூக்குவதற்கு முன், கதவில்லாத இரண்டு பக்கத் திறப்புகளுக்கும் குறுக்காகச் சதுரக் குழாய்களைப் பற்றவைத்துக்கொள்ளுங்கள். துருவேறிய பாடியைச் சேஸிலிருந்து கழற்றிய கணத்திலேயே அது தன் வடிவத்தை விட்டுவிடும். பிறகு எந்தத் துளையும் எந்தத் துளைக்கும் நேராக வராது.

கொடைக்கானலிலிருந்து:

கோத்தகிரி ஐயா எழுதியதைப் படித்ததும் என் ஹெரால்டைப் பற்றிச் சொல்லத் தோன்றியது. சென்னையில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் கட்டிய ஸ்டாண்டர்டு ஹெரால்டு, பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம். அக்காலத்துச் சிறிய கார்களில் பல, தனிச் சேஸ் இல்லாத ஒற்றைக் கூடாக மாறிவிட்டிருந்த நிலையில், ஹெரால்டுக்கு மட்டும் தனிச் சேஸ் உண்டு. பாடியின் முன்பகுதி, பின்பகுதி, கூரை எல்லாம் தனித்தனியாக போல்ட்டால் இணைபவை. முன் மட்காடும் பானெட்டும் ஒன்றாக முன்னோக்கித் திறக்கும். சேஸ் மாற்றத்துக்கு இதைவிட இணக்கமான பழைய கார் நம் நாட்டில் இல்லை என்பது என் கருத்து.

ஆனால் ஹெரால்டின் சேஸ் உள்ளிருந்து துருப்பிடிக்கும். முதன்மைச் சட்டங்கள் மூடிய பெட்டி வடிவம். உள்ளே சேரும் ஈரம் வெளியேற வழியில்லை. பாடியைத் தாங்கப் பக்கவாட்டில் நீளும் கைகள்தாம் முதலில் போகும். என்னுடைய காரில் அந்தக் கைகளோடு முதன்மைச் சட்டங்களும் போயிருந்தன. பெருமாள்மலைப் பக்கம் ஒரு வீட்டில் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்த கார் அது. மழைக்குப் பயந்து போட்ட தார்ப்பாயே ஈரத்தை உள்ளே பிடித்து வைத்திருந்தது. மலையில் வண்டியை நிறுத்தி வைக்கிறவர்கள் கூரைக்குக் கீழே, நான்கு பக்கமும் காற்றோட்டத்தோடு வையுங்கள். துணியால் இறுக மூடாதீர்கள்.

எனக்கு இரண்டு சேஸ்கள் கிடைத்தன. ஒன்று, 1972இல் ஹெரால்டுக்கு அடுத்து வந்த கெசலுடையது. மற்றொன்று, என் காரைவிடச் சில ஆண்டுகள் பிந்தைய ஹெரால்டுடையது. கெசலில் பின்புறம் ஒரே தண்டான அச்சு. ஹெரால்டில் இரண்டு சக்கரங்களும் தனித்தனியாக ஏறி இறங்கும் அச்சு, அதன் மேல் குறுக்காக ஒரு பட்டை ஸ்பிரிங். வளைவின் நடுவில் ஆக்சிலேட்டரை விட்டுவிட்டால் ஹெரால்டின் பின் சக்கரம் உட்பக்கம் மடங்கப் பார்க்கும் என்பதால், கெசல் சேஸே கொண்டை ஊசி வளைவுகளுக்கு நல்லது என்று எனக்கு அறிவுரை சொன்னவர்கள் உண்டு. அவர்கள் சொன்னதில் உண்மை இருக்கிறது. ஆயினும் நான் பிந்தைய ஹெரால்டின் சேஸையே எடுத்தேன். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, வளைவுக்குள் சீரான இழுவையோடு போனால் அந்தக் காரில் எந்தக் குறையும் இல்லை; மேலும், மிகச் சிறிய வட்டத்துக்குள் திரும்பிவிடும் அதன் முன் சக்கர அமைப்புக்கு வத்தலக்குண்டுச் சாலையின் வளைவுகள் ஒரு பொருட்டே அல்ல. அச்சையும் மாற்றிவிட்டு அதை ஹெரால்டு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மணல் வீச்சுக்குச் சேஸை மட்டுமே அனுப்பினேன். கதவு, பானெட் போன்ற மெல்லிய தகடுகள் மணல் வீச்சின் சூட்டிலும் அடியிலும் நெளிந்துவிடும். அவற்றைக் கையால் சுரண்டி, துரு நீக்கும் பாஸ்பாரிக் அமிலம் தடவி, உடனே எபாக்சி பிரைமர் அடித்தோம். இங்கே "உடனே" என்பதைக் கவனியுங்கள். கொடைக்கானலில் மாலையில் சுத்தம் செய்த வெற்று இரும்பை மறுநாள் காலை வரை விட்டால், செம்பழுப்புப் படலம் தெரியும். ஆகையால் அந்த வேலையை வத்தலக்குண்டில், பனியில்லாத அடிவாரத்தில் முடித்துவிட்டு மேலே கொண்டுவந்தேன். சேஸின் மூடிய சட்டங்களுக்குள் மெழுகு கலந்த எண்ணெயைப் பீய்ச்சி, அடியில் நீர் வடிய இருக்கும் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொண்டேன்.

குன்னூரிலிருந்து:

அம்பாசடர் வைத்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த முறை அம்பாசடருக்குப் பொருந்தாது. மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையிலிருந்து வந்த அந்தக் காருக்குத் தனிச் சேஸ் இல்லை. தரை, கதவுப் படி, தூண்கள் எல்லாம் சேர்ந்தே அதன் எலும்பு. என் காரின் படிகள் இரண்டும் துருவில் போனபோது, ஜீப் சேஸ் ஒன்றின் மேல் பாடியை உட்கார வைத்துவிடலாம் என்று ஒரு பட்டறையில் சொன்னார்கள். தரையை முழுவதும் வெட்டி எடுக்காமல் அதைச் செய்ய முடியாது; வெட்டியபின் அது அம்பாசடரின் தோலைப் போர்த்திய வேறொரு வண்டி. படியையும் ஸ்பிரிங் தாங்கிகளையும் பகுதி பகுதியாக வெட்டி மாற்றுவதே சரியான வழி. நான் அதைத்தான் செய்தேன். கார் குன்னூர் மலைப்பாதையின் 14 கொண்டை ஊசி வளைவுகளிலும் இன்று கதவு முனகாமல் ஏறி இறங்குகிறது.

ஊட்டியிலிருந்து:

மூவரும் இரும்பைப் பற்றி எழுதினீர்கள். நான் காகிதத்தைப் பற்றி எழுதுகிறேன். என் நண்பருக்காக இதில் அலைந்திருக்கிறேன். சட்டத்தின் கண்ணில் வண்டி என்பது பெரிதும் சேஸ் எண்தான். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்த விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. ஆகவே சேஸை வாங்குவதற்கு முன்பே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய், எழுத்து மூலம் விண்ணப்பித்துக் கேளுங்கள்.

2021இல் வந்த பழம்பெரும் வாகன விதிகளை நம்பியிருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இருசக்கர, நான்கு சக்கர வாகனங்களுக்கு 'வி.ஏ.' எழுத்துகளோடு தனிப் பதிவு எண் கிடைக்கும். கட்டணம் 20,000 ரூபாய், 10 ஆண்டுகள் செல்லும். ஆனால் சேஸிலோ பாடிக் கூட்டிலோ எஞ்சினிலோ பெரிய மாற்றம் செய்யப்படாமல் மூல வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அப்படிப் பதிவு செய்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம்; தினசரி ஓட்டத்துக்கு அன்று. வேறு சேஸில் ஏறிய வண்டியை இந்த வாசல் வழியாகக் கொண்டுபோக நினைக்காதீர்கள்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். பழைய சேஸிலிருந்து எண் பொறித்த துண்டை வெட்டிப் புதிய சேஸில் பற்றவைத்துத் தருவதாகச் சிலர் முன்வருவார்கள். திருட்டு வண்டிக்குச் செய்யும் வேலை அது, குற்றம். எத்தனை ஆசையோடு மீட்ட வண்டியானாலும் அப்படிச் செய்தால் அதை ஒருநாளும் நிம்மதியாக ஓட்ட முடியாது, விற்கவும் முடியாது.

கோத்தகிரி ஐயாவிடம் ஒரு கேள்வி: பாடிக்கும் சேஸுக்கும் இடையே என்ன வைத்தீர்கள்?

கோத்தகிரியிலிருந்து:

காகிதத்தைப் பற்றி ஊட்டி நண்பர் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் வழிமொழிகிறேன். என் வண்டி இப்போது தோட்டத்தின் சொந்தப் பாதைகளில் மட்டுமே ஓடுகிறது. விண்ணப்பம் போக்குவரத்து அலுவலகத்தில் இருக்கிறது, விடை வராமல் அது பொதுச் சாலைக்கு இறங்காது. பழைய சேஸின் எண் தகட்டைக் கழற்றாமல், அந்தச் சேஸையே கொட்டகையில் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பாடிக்கும் சேஸுக்கும் இடையே கான்வாஸ் கலந்த ரப்பர்ப் பட்டையை வைத்தோம். லாரி டயரில் வெட்டிய துண்டுகள் வேண்டாம், அவற்றின் உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடித்து அடுத்த துருவுக்கு வழி திறக்கும். எல்லா போல்ட்டுகளையும் முதலில் கையால் மட்டும் முடுக்குங்கள். வண்டியைச் சக்கரங்களின் மேல் இறக்கி, எஞ்சினும் டாங்கியும் ஏறி, முழு எடையும் வந்த பிறகு, எந்தத் தாங்கியில் இடைவெளி தெரிகிறதோ அங்கே மெல்லிய தகடு கொடுத்துச் சமன் செய்து, நடுவிலிருந்து இரு பக்கமும் மாறி மாறி முடுக்க வேண்டும். இடைவெளியை போல்ட்டின் பலத்தால் மூடினால் பாடி முறுக்கிக்கொள்ளும். காற்றுக் கண்ணாடியின் சட்டம் ஒரு பக்கம் உயர்ந்து அதைக் காட்டிக்கொடுக்கும். தரைத் தாங்கிகளுக்குள் நீரைக் குடித்த பழைய மரக்கட்டைக்குப் பதில், ஆளி விதை எண்ணெயில் ஊறவைத்து நன்றாகக் காயவிட்ட தேக்குச் சட்டங்களை வைத்து, இரு முனைகளிலும் நீர் வடியத் துளை விட்டிருக்கிறோம். உர மூட்டை இனி அந்த வண்டியில் ஏறாது.