16.9-28னு மட்டும் கேட்டு 60 டயர் அனுப்பிட்டேன் - ஆஃப் ரோடு டயர் எக்ஸ்போர்ட்ல உங்க அனுபவத்தையும் சொல்லுங்க

தூத்துக்குடி வழியா ஆஃப் ரோடு டயர் அனுப்பிட்டு இருக்கேன், ஆறு வருஷம் ஆகுது. புதுசா இந்த லைனுக்கு வர்ற பசங்க "சைஸ் சொல்லுங்க சார், ரேட் தர்றேன்"னு ஆரம்பிக்கறத பாத்தா பதறுது, ஏன்னா நானும் அப்படித்தான் ஆரம்பிச்சேன்.

மொம்பாசா பார்ட்டி ஒருத்தர், 16.9-28 (16.9 இன்ச் அகலம், 28 இன்ச் ரிம்), 12 ப்ளை (டயரோட பலத்துக்கான கணக்கு), 60 பீஸ்னு மெசேஜ் போட்டாரு. அவ்ளோதான் மெசேஜே. நானும் ரேட் பேசி, பிஐ (ப்ரோஃபார்மா இன்வாய்ஸ்) போட்டு, அட்வான்ஸ் வாங்கி, கன்டெய்னர் ஏத்தி விட்டுட்டேன். சரக்கு போய் இறங்குன அன்னைக்கு ராத்திரி ஒரு போட்டோ வருது. ஒரு ஜேசிபி நிக்குது, அதோட பின் டயர் ஆர்-4, அதாவது இண்டஸ்ட்ரியல் மெஷினுக்கான டிசைன், பட்டன் (தரையில பதியற ரப்பர் கட்டை) அகலமா, உயரம் கம்மியா, நெருக்கமா இருக்கு. பக்கத்துல நான் அனுப்புன டயர சாய்ச்சு வெச்சிருக்காரு, அது ஆர்-1, டிராக்டர் பட்டன், ஒரு பட்டனுக்கும் அடுத்த பட்டனுக்கும் நடுவுல கைய வெக்கலாம். சைஸ் அதே 16.9-28தான், ப்ளையும் அதேதான், ரிம்ல உக்காரவும் செய்யும். ஆனா ஜேசிபி பாதி நாள் தார் ரோட்டுலதான ஓடுது, மொத்த வெயிட்டும் அந்த நாலஞ்சு பட்டன் மேலயே நிக்கும், வண்டி உதறும், டயரும் சீக்கிரம் தேஞ்சு போயிடும்.

இதுல இன்னொரு சிக்கல், நான் பேப்பர்ல கன்ஸ்ட்ரக்‌ஷன் டயருக்கான 4011.80 கஸ்டம்ஸ் கோடு போட்டிருந்தேன், உள்ள இருந்ததோ விவசாய டயர், அது 4011.70. அந்த ஊர் கிளியரிங் ஏஜென்ட் கேட்ட கேள்விக்கு என்கிட்ட பதிலே இல்ல. கடைசில மொம்பாசா பார்ட்டி டிராக்டர் கடைக்காரங்களுக்கு விலையக் கொறச்சு தள்ளுனாரு, வித்தியாசத்த நான் கிரெடிட் நோட்டா குடுத்தேன். அந்த மனுசன் இன்னைக்கும் என்கிட்டதான் வாங்குறாரு, அது அவரோட பெரிய மனசு.

அதுலேருந்து சைடுவால் (டயரோட பக்கவாட்டுல எழுத்து இருக்கற இடம்) போட்டோ இல்லாம ரேட்டே சொல்றதில்ல. தேஞ்ச பழைய டயரா இருந்தாலும் பரவாயில்ல, சாக்பீஸால எழுத்து மேல தேய்ச்சுட்டு எடுங்கன்னு சொல்லுவேன், அப்பதான் அந்த கறுப்புல எழுத்து தெளிவா விழும். அதுக்கப்புறம் கேக்கறது மெஷின் என்ன, என்ன வேலை பாக்குது, எவ்ளோ தூரம் ஓடுது.

இந்த தூரம் ஏன்னா, ஒரு கல்குவாரி பார்ட்டி டிப்பருக்கு "இருக்கறதுலயே ஆழமான பட்டன் குடுங்க, ரொம்ப நாள் வரும்"னு எல்-5 கேட்டாரு, எல்-னா லோடருக்கான டயர். எல்-3 பட்டன் ஆழத்த 100னு வெச்சா எல்-4 150, எல்-5 250, அவ்ளோ ரப்பர். கல்லுக்குள்ளயே முன்னும் பின்னும் மெதுவா போற லோடருக்கு அது தங்கம். லோடு ஏத்திட்டு கிலோமீட்டர் கணக்கா ஓடற வண்டிக்கு போட்டா அந்த ரப்பரே சூட்ட வெளிய விடாது, உள்ளுக்குள்ள வெந்து பட்டன் பிரிஞ்சு வந்துரும். அவருக்கு ஈ வரிசைல குடுத்தேன், ஈ-னா மண்ணு கல்லு ஏத்தி ஓடற வண்டிக்கு.

அதே மாதிரி 23.5-25னு நடுவுல கோடு இருந்தா நைலான், 23.5 ஆர் 25னா ரேடியல். நைலானுக்கு 20 ப்ளைனு கேக்கலாம், ரேடியலுக்கு சைடுவால்ல இருக்கற ஸ்டார் குறிதான் பலத்துக்கு கணக்கு. 201ஏ2, 185பின்னு ரெண்டு நம்பர் போட்டிருந்தா குழம்பாதீங்க, 201, 185 எடைக்கான நம்பர், ஏ2, பி வேகத்துக்கான எழுத்து, 10 கிலோமீட்டர் வேகத்துல 14,500 கிலோ தாங்கற அதே சைஸ் 50ல போனா 9,250தான் தாங்கும். பையர்ட்ட பெரிய நம்பர மட்டும் காட்டி விக்கறது தப்பு, அடியில மனுசன் நிக்கறான்.

கொழும்பில இருந்து ஒரு நண்பர் எழுதினது:

அண்ணா, நாங்கள் ஃபோர்க்லிஃப்ட் சொலிட் ரயர் (காத்தில்லாத முழு ரப்பர் ரயர்) செய்யிற ஆக்கள். எங்களுக்கும் இப்பிடி ஒண்டு நடந்தது. 6.50-10, ரிம் அகலம் 5.00 எண்டு எல்லாம் சரியா கேட்டு அனுப்பினனாங்கள், ஜெர்மனில ரயரை ரிம்மில ஏத்திற பிரஸ்ஸில போட்டா ரயர் ரிம்மில நிக்கேல்ல. பாத்தா அவையின்ர ரிம்முக்கு சைட் ரிங்கே (ரயரைப் பிடிச்சு வைக்கிற பக்க வளையம்) இல்லை, அதுக்கு உள் விளிம்பில மூக்கு மாதிரி ஒரு தடிப்பு இருக்கிற கிளிப் ரயர்தான் வேணும், நாங்கள் அனுப்பினது சாதாரணம். ரயரின்ர படம் மட்டும் பாத்தா அது தெரியாது, ரிம்மின்ர படமும் கேக்க வேணும். இன்னொண்டு, 8.15-15 எண்டாலும் 28x9-15 எண்டாலும் ஒரே ரயர்தான், ரெண்டு ஓடர் எண்டு நினைச்சு ரெண்டு விலை குடுத்திடாதேங்கோ.

பதிலுக்கு நான்:

ரொம்ப நன்றிங்க, ரிம் போட்டோ கேக்கணும்னு எனக்கு தோணினதே இல்ல. அந்த மூக்கு எவ்ளோ தடிப்பு இருக்கும்னு பக்கத்துல ஒரு ஸ்கேல் வெச்சு ஒரு படம் போட முடியுமா? அடுத்த வாரம் ஒரு ஃபோர்க்லிஃப்ட் என்கொயரி கைல இருக்கு, அவங்க சைஸ் மட்டும்தான் அனுப்பிருக்காங்க.