கால்குலஸ் இல்லாம புள்ளியியல் பாடமா? புது கோர்ஸ் பத்தி ஒரு சண்டை

எண்ணாளன்:
நேத்து இன்னொரு திரியில ஒருத்தர் எழுதியிருந்தாரு, "கால்குலஸ் தெரியாதவனுக்குப் புள்ளியியல் சொல்லித்தர்றது ஏமாத்து வேலை"னு. படிச்சதுல இருந்து எரிச்சல் அடங்கல, அதான் தனித்திரி. விஷயம் இதுதான். காலேஜ்ல முதல் வருஷம் சேர்ற எல்லாருக்கும், இலக்கியமோ வரலாறோ வணிகவியலோ, ஒரு செமஸ்டர் புள்ளியியல் வைக்கணும்னு சிலபஸ் எழுதிக் குடுத்திருக்கேன். மூணு கிரெடிட், முன்தகுதி எதுவும் வேணாம், கால்குலஸ் (வகையீடு, தொகையீடு கணக்கு) கிடையாது. இதுல என்னய்யா ஏமாத்து? 1936 அமெரிக்கத் தேர்தல்ல லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை ஒரு கோடிப் பேருக்குச் சீட்டு அனுப்பி, 20 லட்சத்துக்கு மேல பதில் வாங்கி, ரூஸ்வெல்ட்டை எதிர்த்து நின்ன லாண்டன்தான் ஜெயிப்பாருன்னு போட்டு மண்ணைக் கவ்வுச்சு. 48 மாநிலத்துல 46ஐ ரூஸ்வெல்ட் எடுத்தாரு. டெலிபோன் டைரக்டரியிலயும் கார் பதிவு லிஸ்ட்லயும் பேர் பொறுக்குனா காசுள்ளவன்தான் அதிகம் வருவான், அதுலயும் பதில் போடணும்னு துடிக்கிறவன்தான் போடுவான். இதைப் புரிய வைக்க எந்த இன்டக்ரல் (தொகையீடு) வேணும்?

வகையீடு:
அந்த "ஒருத்தர்" நான்தான், பேரைச் சொல்லியே திட்டலாம். ஒரே கேள்வி. நார்மல் கர்வ், அதான் அந்த மணி வடிவ வளைகோடு, உங்க சிலபஸ்ல இருக்கா? இருக்குன்னா அதுக்குக் கீழ இருக்குற பரப்பு எங்க இருந்து வருது? புத்தகத்தோட கடைசிப் பக்க டேபிள்ல இருந்து வருது, அப்படித்தானே. நடுவுல 95 சதவீதப் பரப்புக்குப் பையன் 1.96னு மனப்பாடம் பண்ணுவான், ஏன் 1.96னு கேட்டா முழிப்பான். அதைப் படிப்புன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

எண்ணாளன்:
சார், கணக்குல எம்எஸ்சி முடிச்சவரு பேசுற பேச்சா இது? அந்த இன்டக்ரலுக்கு வழக்கமான ஃபங்ஷன்கள்ல விடையே கிடையாது. நீங்க மூணு செமஸ்டர் கால்குலஸ் நடத்தி அனுப்புனாலும் கடைசியில அவனும் அதே டேபிளைத்தான் பாப்பான், இல்ல கம்ப்யூட்டரைக் கேப்பான். அப்புறம் என்ன பெருமை?

வகையீடு:
விடை கிடையாதுன்னு தெரியுறதுக்கே கால்குலஸ் வேணும். முழுப் பரப்பையும் ஒண்ணுன்னு ஆக்க வெளிய ரூட் டூ பை வந்து நிக்குது பாருங்க, வட்டமே இல்லாத இடத்துல பை எப்படி வந்துச்சுன்னு ஒரு பையன் வாயைப் பொளந்து கேக்கணும். அந்த நிமிஷத்துக்குத்தான் நான் வாத்தியாரா இருக்கேன். உங்க பாடத்துல அந்த நிமிஷமே வராது. பரப்பு எங்க இருந்து வருதுன்னு இன்னும் பதில் இல்ல.

கடைசிபெஞ்ச்:
ஒரு சந்தேகம். இது எல்லாருக்கும் கட்டாயமா, இல்ல எலெக்டிவா? மேஜர் புள்ளியியல் எடுக்குறவங்களும் இதையேதான் படிக்கணுமா?

பழைய_ஏடு:
நான் வரலாற்றுத்துறை. எங்க பசங்களுக்கு இது வேணும், அவ்ளோதான். இங்கிலாந்துல சாலி கிளார்க்னு ஒரு அம்மா, ரெண்டு கைக்குழந்தை அடுத்தடுத்து இறந்துபோக, 1999ல கொலைக் குற்றம்னு தண்டிச்சுட்டாங்க. ஒரு குழந்தை அப்படித் திடீர்னு இறக்க 8543ல 1 வாய்ப்பு, ரெண்டுக்கும் அதையே பெருக்குனா ஏழு கோடிக்கு மேலதான் ஒண்ணுன்னு டாக்டர் ஒருத்தர் சாட்சி சொன்னாரு. ஒரே வீடு, ஒரே அப்பா அம்மா, பரம்பரைக் காரணம் இருக்கலாமே, எப்படி அப்படியே பெருக்கலாம்? 2001ல ராயல் ஸ்டாட்டிஸ்டிக்கல் சொசைட்டியே தப்புன்னு அறிக்கை விட்டுச்சு. 2003லதான் அவங்க வெளிய வந்தாங்க. எட்டாங்கிளாஸ் பெருக்கல் ஒரு குடும்பத்தையே நாசம் பண்ணிருக்கு. இங்க கால்குலஸ் எங்க?

வகையீடு:
உருக்கமான கதை, மறுக்கல. ஆனா அது நிகழ்தகவு, அதைப் பள்ளிக்கூடத்துலயே சொல்லலாம். கல்லூரியில மூணு கிரெடிட் எதுக்கு? பேப்பர் செய்தியைச் சேர்த்துவச்சு சிலபஸ்னு பேர் வைக்குறீங்க.

எண்ணாளன்:
பள்ளிக்கூடத்துல சொல்லலாம்னா ஏன் இன்னைக்கு வரைக்கும் யாருக்கும் தெரியல? சரி, உங்க கேள்விக்கே வர்றேன். 1908ல "ஸ்டூடன்ட்"ங்கிற புனைபெயர்ல எழுதுன காசெட்ங்கிற புள்ளியியலாளர் என்ன பண்ணாரு? 3000 குற்றவாளிகளோட உயரத்தையும் இடது கை நடுவிரல் நீளத்தையும் ஒவ்வொண்ணா அட்டையில எழுதி, நல்லா குலுக்கி, நாலு நாலா எடுத்து 750 சாம்பிள் ஆக்குனாரு. சின்ன சாம்பிள்ல சராசரி எவ்ளோ ஆடும்னு கையாலயே பாத்தாரு. என் சிலபஸ்ல நாலாவது யூனிட் முழுக்க இதுதான். பசங்க அட்டை எழுதுவாங்க, குலுக்குவாங்க, எடுப்பாங்க, கரும்பலகையில புள்ளி வைப்பாங்க, கர்வ் கண்ணு முன்னாடி எழும்பும். பரப்பு எங்க இருந்து வருதுன்னு கேட்டீங்களே, இந்தா இங்க இருந்துதான் வருது, எண்ணிப் பாத்து வருது.

வகையீடு:
பாதியைச் சொல்லி மீதியை முழுங்காதீங்க. அந்த அட்டையெல்லாம் சரிபார்க்க மட்டும்தான். சின்ன சாம்பிளுக்கான ஃபார்முலாவை (டி டிஸ்ட்ரிபியூஷன்) அவரு மொமென்ட் கணக்கு (சராசரி, பரவல் மாதிரி அளவுகள்) போட்டுத்தான் எடுத்தாரு, அதுல ஒரு ஊகமும் இருந்துச்சு, முழு நிரூபணம் குடுத்தது அப்புறம் வந்த புள்ளியியலாளர் ஃபிஷர். அட்டை குலுக்கி யாரும் டி டிஸ்ட்ரிபியூஷனைக் கண்டுபிடிக்கல.

எண்ணாளன்:
ஃபிஷர் நிரூபிச்சது n பரிமாண வடிவியலை வச்சு. அப்ப எல்லாரும் வடிவியல் கட்டாயம் படிக்கணும்னு சொல்வீங்களா? அதே ஃபிஷர்தான் டீ கப் சோதனை சொன்னவரு. எட்டு கப், நாலுல பால் முதல்ல, நாலுல டீ முதல்ல, பால் முதல்ல ஊத்துன நாலைக் குடிச்சே கண்டுபிடின்னா நாலைப் பொறுக்க 70 வழி, அதுல ஒண்ணுதான் முழுசா சரி. எண்ணத் தெரிஞ்சாப் போதும், சோதனைன்னா என்னன்னு புரிஞ்சிடும்.

பேரேடு:
நான் வணிகவியல் டீச்சர். யாரு நடத்தப்போறாங்கன்னு மட்டும் ஒருத்தரும் பேசல. ஏற்கனவே பிசினஸ் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் நாங்க நடத்துறோம். வாரத்துக்கு நாலு பீரியட் எங்ககிட்ட இருந்து போகப்போகுதா?

வகையீடு:
அந்தப் பேப்பரைப் பத்தி நான் வாயைத் திறந்தா வம்பாயிடும் மேடம். ஸ்டாண்டர்ட் டீவியேஷன்ல ஏன் வர்க்கம் எடுக்குறோம்னு உங்க பசங்ககிட்ட கேட்டேன், "டீச்சர் சொன்னாங்க"ன்னாங்க.

பேரேடு:
எங்க பசங்களை நீங்க எதுக்கு வைவா எடுக்குறீங்க? உங்க துறையில முதல் செமஸ்டர் கால்குலஸ்ல எத்தனை பேர் அரியர் வச்சிருக்காங்கன்னு முதல்ல பாருங்க. அந்தக் கால்குலஸை எங்க பசங்க கழுத்துலயும் கட்டணுமா?

வகையீடு:
அரியர் வர்றதால பாடம் தப்பாயிடுமா? கஷ்டமானதைக் கஷ்டமாத்தான் நடத்தணும்.

எண்ணாளன்:
மேடம், உங்க பீரியட்ல யாரும் கை வைக்கல, லேப் நேரத்தைத் தனியாக் கேட்டிருக்கேன், சிலபஸைத் திறந்து பாத்துட்டுப் பேசுங்க. வகையீடு சாருக்கு ஒண்ணே ஒண்ணு. அமெரிக்காவுல பெர்க்லி யூனிவர்சிட்டியில 1973 அட்மிஷன். மொத்தமாப் பாத்தா விண்ணப்பிச்ச ஆண்கள்ல 44 சதவீதம் பேருக்கு இடம், பெண்கள்ல 35தான். ஓரவஞ்சனைன்னு தோணுதுல்ல? துறைவாரியாப் பிரிச்சா, பெரிய துறை ஒண்ணுல ஆண் 62, பெண் 82. பெண்கள் நிறைய பேரு இடம் கிடைக்கிறதே கஷ்டமான துறைகளுக்கு அப்ளை பண்ணிருந்தாங்க. 1975ல இது சயன்ஸ் இதழ்ல வந்துச்சு. கால்குலஸ்ல சென்டம் வாங்குன எத்தனை பேரு மொத்த சதவீதத்தை மட்டும் பாத்துட்டுத் தீர்ப்பு சொல்றாங்க, நானே டிபார்ட்மென்ட் மீட்டிங்ல பாக்குறேன். தேவை இங்க இருக்கு, நீங்க இன்டக்ரலைப் பிடிச்சுத் தொங்குறீங்க.

வகையீடு:
சதவீதம் பிரிச்சுப் பாக்குறதுக்கு "எண்ணறிவு"ன்னு பேர் வச்சு நடத்துங்க, கை தட்டுறேன். புள்ளியியல்னு பேர் வைக்காதீங்க. நம்ம புள்ளியியல் மேதை சி.ஆர்.ராவ் 1945ல, ஒரு மதிப்பீடு எவ்ளோதான் துல்லியமா இருக்க முடியும்ங்கிற வரம்பை நிறுவுனாரே, அப்ப அவருக்கு 25 வயசு. டிஃபரன்ஷியேஷன் இல்லாம ஒரு வரி எழுத முடியுமா அதுல? அந்தப் பேரைச் சொல்ற துறைக்குன்னு ஒரு மரியாதை இருக்கு.

பழைய_ஏடு:
எல்லாரும் ராவ் ஆகணும்னு யாரு சொன்னா?

கடைசிபெஞ்ச்:
திரும்பவும் கேக்குறேன், கட்டாயமா எலெக்டிவா?

எண்ணாளன்:
ராவ் பேரை இழுக்காதீங்க. அவரு இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை ஆரம்பிச்ச மஹலனோபிஸ்கூட வேலை பார்த்தவரு, மஹலனோபிஸ் பயிர் விளைச்சலுக்குச் சாம்பிள் எடுக்கக் களத்துக்கு ஆள் அனுப்புனவரு. சாம்பிள் வயல்லதான் ஆரம்பிச்சுது, கரும்பலகையில இல்ல. உங்களுக்குக் கோபம் பாடத்து மேல இல்ல சார். போன தடவை உங்க "கணிதச் சிந்தனை" பேப்பரைக் கூட்டத்துல நான் கேள்வி கேட்டேன், அதான்.

வகையீடு:
ஆமா, கேட்டீங்க. ஒரு கேள்வி கேட்டுட்டுப் பதில் சொல்றதுக்குள்ள டீ குடிக்க எழுந்து போயிட்டீங்க. நான் மறக்கல. சிலபஸை முடிவு பண்ற போர்டு ஆஃப் ஸ்டடீஸ்ல முன்தகுதி இல்லாம இந்தப் பேப்பர் வந்தா எதிர்க்கத்தான் போறேன், இப்பவே சொல்லிட்டேன்.

எண்ணாளன்:
எதிர்த்துக்கோங்க. ஆனா காரணத்தை எழுத்துல குடுங்க, மினிட்ஸ்ல ஏறணும். நாலாவது யூனிட்டை ஒரு எழுத்துகூட மாத்த மாட்டேன்.

பேரேடு:
லேப் நேரம் எந்தக் கிழமைன்னு சிலபஸ்ல இல்லையே. வெள்ளிக்கிழமை மதியம்னா எங்களால முடியாது.