புதுப்பிப்பு: எல்இடி இண்டிகேட்டர் ரிலேக்கான போலிச் சுமை

குன்னூர்ப் பட்டறையில் 82 ஓம் ரெசிஸ்டர் ஒன்றையே போலிச் சுமையாக (மேசைச் சோதனையில் விளக்குக்குப் பதிலாக இணைப்பது) வைத்துச் சோதித்தபோது ஒழுங்காக மினுக்கிய இருமுனை ஃபிளாஷர் ரிலே (இண்டிகேட்டரை மினுக்கவைக்கும் சுவிட்ச்), எல்இடி இண்டிகேட்டர் பொருத்திய ஜீப்பில் அசையவே இல்லை என்று முன்பு எழுதியிருந்தேன். காரணம் இப்போது தெளிவாகிவிட்டது.

இருமுனை ரிலேக்குத் தனி எர்த் கம்பி கிடையாது. விளக்கு அணைந்திருக்கும் இடைவெளியில் அது தனக்கு வேண்டிய சிறு மின்னோட்டத்தை விளக்கின் வழியாகவே பெறுகிறது. ரெசிஸ்டர் அந்தச் சிறு மின்னோட்டத்துக்குத் தடையாக இருப்பதில்லை, ஆனால் தொடராக இணைத்த எல்இடிகள் ஏறத்தாழ 9 வோல்ட்டைத் தாங்களே பிடித்துக்கொள்வதால் 12 வோல்ட் பேட்டரியில் ரிலேயின் மின்சுற்றுக்கு மிஞ்சுவது 3 வோல்ட் அளவே.

ஆகவே, எல்இடிகளைப் போலவே ஏறத்தாழ 9 வோல்ட்டைப் பிடித்துக்கொள்ளும் 9.1 வோல்ட், 5 வாட் ஜீனர் டயோடு ஒன்றுடன் 33 ஓம், 2 வாட் ரெசிஸ்டரைத் தொடராக இணைத்துப் புதிய சுமை செய்தேன். 13.8 வோல்ட்டில் இது சுமார் 140 மில்லிஆம்பியர் இழுக்கிறது, ஜீனரில் 1.3 வாட் வெப்பமாகிறது. ஜீப்பில் கண்ட அதே பழுது மேசையிலேயே தெரிந்தபோது உண்மையிலேயே மகிழ்ந்தேன். எர்த் முனையுள்ள மும்முனை ரிலே இதே சுமையில் சீராக மினுக்குகிறது; மூடுபனி இறங்கும் மலைப்பாதையில் ஓடும் வண்டிக்கு அதையே பொருத்தியிருக்கிறேன்.