வேதாகம மென்பொருள்: இலவசமா, காசு கட்டியா?

கேள்வி (மானிப்பாய்):
வெள்ளிக்கிழமை வேத ஆராய்ச்சிக்கு யோவான் சுவிசேஷம் எடுக்கிறேன். லாப்டொப் பழைய விண்டோஸ், மழை வந்தால் இணையமும் போய்விடும். இ-சுவோர்ட் என்ற வேதாகம மென்பொருள் போதுமா, லோகோஸ் என்ற மற்ற மென்பொருளுக்கு டொலரில் கட்ட வேண்டுமா? பிள்ளைகளுக்கு ஆழமாகச் சொல்லிக் கொடுக்க ஆசை.

பதில் (நல்லூர்):
தங்கச்சி, இ-சுவோர்டையே போடுங்கோ. விண்டோஸில் இலவசம், ஒருமுறை இறக்கினால் இணையம் தேவையில்லை. கிங் ஜேம்ஸ் என்ற ஆங்கில வேதாகமத்தின் வசனத்தில், மூலமொழிச் சொல்லைக் குறிக்கும் ஸ்ட்ரோங் எண்ணின் மேல் சுட்டியை வைத்தால் கிரேக்கச் சொல் அங்கேயே தெரியும். வேத விளக்கவுரை எழுதிய மத்தேயு ஹென்றி 1714இல் இறந்தவர். அவருடைய விளக்கவுரைக்குப் பதிப்புரிமை இல்லை, அதனால்தான் சும்மா கிடைக்கிறது. காசு போவது பெரும்பாலும் புதிய நூல்களுக்கு.

பதில் (சுண்டுக்குளி):
அண்ணை, லோகோஸிலும் இலவசப் பதிப்பு உண்டு. வேண்டிய விளக்கவுரையை மட்டும் தனியாக வாங்கலாம்.

மானிப்பாய்:
சரி, இன்றிரவே இ-சுவோர்ட் இறக்குகிறேன். ரோமர் நிருபம் தொடங்கும்போது ஒரு நல்ல விளக்கவுரை வாங்குவேன்.