புதுப்பிப்பு: டோர்கு பற்றி முன்பு எழுதியதற்கு

2025 பிப்ரவரி தொடக்கத்தில் இத்தாலியின் லெச்சே அணியிலிருந்து பேட்ரிக் டோர்கு வந்ததும், நம்ம கால்பந்து அணி மான்செஸ்டர் யுனைடெட்டின் இடது பக்கக் கவலை தீர்ந்தது என்று எழுதியிருந்தேன். அந்த மாதக் கடைசியில் இப்ஸ்விச் அணியோடு நடந்த ஆட்டத்தை முத்தியால்பேட்டையில் நண்பன் வீட்டில் ராத்திரி ஒரு மணிக்குக் கூடிப் பார்த்தோம். நாலாவது நிமிடமே டோர்குவுக்கும் நம்ம கோல்கீப்பர் ஒனானாவுக்கும் குழப்பம், நமக்கு எதிராகக் கோல் விழுந்தது. 43-ஆவது நிமிடம் டோர்குவுக்குச் சிவப்பு அட்டை. இப்ஸ்விச்சின் ஹட்சின்சன் காலில் அவன் பூட்ஸ் ஏறியதைத் திரும்பக் காட்டியபோது ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பத்துப் பேரோடு ஆடி, நம்ம டிஃபென்டர் மக்வயர் தலையால் முட்டிய கோலில் 3-2 என்று ஜெயித்தோம்.

சரி, அப்போது 20 வயசுப் பையன். அவன்மேல் நம்பிக்கை போகவில்லை. எனக்கு வயிற்றெரிச்சல் வேறு: முன்கள ஆட்டக்காரர்கள் ராஷ்ஃபோர்டையும் ஆண்டனியையும் வேறு கிளப்புகளுக்குக் கடனுக்கு அனுப்பிவிட்டு, கோல் அடிக்க ஒரு ஆளைக்கூட வாங்கவில்லையே!