தங்கமீன் கையேடு: "கருணைக்கொலை"க்கு மாற்றுச்சொல் உண்டா?

மடல் 1: மொழிபெயர்ப்பாளர்

அன்புடைய குழுவினருக்கு வணக்கம். வீட்டுக் குளத்தில் தங்கமீன் வளர்ப்போருக்கான சிறு கையேடு ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குக் கொடுத்தாக வேண்டும். நீரின் தரம், வடிகட்டி, தீவனம், ஒட்டுண்ணிகள் ஆகிய இயல்கள் முடிந்துவிட்டன. கடைசி இயலில்தான் நின்றுவிட்டேன். இனி மீளாது என்று உறுதியான மீனை, அதற்கு வலி தெரியாத வகையில், வளர்ப்பவரோ மருத்துவரோ உயிர்நீக்கும் செயலை மூலநூல் "யூதனேசியா" என்ற ஒரே சொல்லால் பல இடங்களில் குறிக்கிறது. செய்தித்தாள் தமிழில் அதற்குக் "கருணைக்கொலை" என்ற சொல் இருக்கிறது. ஆயினும் அதை எழுத இரண்டு காரணங்களால் தயங்குகிறேன்.

முதலாவது, இதைப் பள்ளிப் பிள்ளைகளும் படிப்பார்கள். பொருளடக்கத்திலேயே "கொலை" என்று நிற்பது நெருடுகிறது. இரண்டாவது காரணமே எனக்குப் பெரியது. கருணை என்பது செய்பவரின் மனநிலையைச் சொல்கிறதே தவிர, செயலின் தன்மையைச் சொல்லவில்லை. துடிக்கும் மீனைப் பார்க்கப் பொறுக்காமல் அதைக் குளிர்பதனியின் உறைபெட்டியில் வைத்து மூடுகிறவரும் கருணையால்தான் அப்படிச் செய்கிறார்; அந்த மீனோ துன்புற்றே சாகிறது. முறையைச் சுட்டும் சொல் ஏதேனும் கிடைக்குமா?

மடல் 2: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மூலச்சொல்லைப் பிளந்து பார்த்தால் விடை எளிது. கிரேக்கத்தில் "யூ" என்பது நல்ல. "தனாதோஸ்" என்பது இறப்பு. ஆகவே நல்லிறப்பு. புணர்ச்சி இயல்பானது, ஓசை இனியது, வடசொல் கலப்பும் இல்லை. கொலை என்ற சொல்லை விடவே கூடாது என்பாருளராயின், அருட்கொலை என்று ஆள்க; கருணையைக் கடன் வாங்க வேண்டிய வறுமை நமக்கு இல்லை.

இதே கையேட்டில் புதிதாக வாங்கிய மீனைப் பிரித்து வைக்கும் தொட்டிக்கு என்ன சொல் ஆண்டிருக்கிறீர்கள் என்பதையும் அறிய விழைகிறேன். அதன் ஐரோப்பியச் சொல்லான "குவாரண்டைன்" இத்தாலிய மொழியில் நாற்பது நாளைக் குறிப்பதிலிருந்து வந்தது. நாளெண்ணி நோன்பும் மருந்தும் கொள்வதற்கு நம்மிடம் "மண்டலம்" என்ற அளவே இருக்கிறது. சித்த மருத்துவத்தில் அது பொதுவாக 48 நாள். மண்டலத்தொட்டி என்றால் எவ்வளவு பொருத்தம்!

மடல் 3: மொழியியல் ஆய்வு மாணவர்

ஐயா, மண்டலத்தொட்டியை மின்வாரியமோ உரம் விற்பவரோ கேட்டால் தங்கள் தொட்டி என்று எடுத்துக்கொள்வார்கள். "தனித்தொட்டி" போதும் என்று எண்ணுகிறேன். அங்கே மீனை வைப்பதும் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரங்கள்தாம்.

நல்லிறப்பில் எனக்கு உள்ள தடை இலக்கணத் தடை. இற என்பது தன்வினை. கடத்தல் என்ற அதன் பழம்பொருள் "இறந்த காலம்" என்பதில் இன்னும் நிற்கிறது. இறத்தலைச் செய்வது மீன். நாம் செய்வது அதுவன்று. முதுமையால் ஒரு நாள் காலையில் அமைதியாக அடங்கிக் கிடக்கும் மீனுக்கும் நல்லிறப்பு என்ற சொல் அப்படியே பொருந்தும். செய்பவரை மறைத்துவிடும் சொல் பொறுப்பையும் மறைத்துவிடுகிறது. எனவே பிறவினை வேண்டும்.

தமிழில் இதற்கு அழகான இணைகள் உண்டு: மாய்தல், மாய்த்தல், அவிதல், அவித்தல். ஆனால் "உயிரை மாய்த்துக்கொண்டார்" என்று நாள்தோறும் படித்துப் பழகிய கண்ணுக்கு மாய்ப்பு என்பது தற்கொலையாகவே தெரியும். விளக்கை அவித்தல் என்ற பொருளில் அவிப்பை முன்மொழியலாம் என்று நினைத்தேன். மீனோடு சேர்த்து ஒருமுறை சொல்லிப் பார்த்த பின் கைவிட்டேன்.

மடல் 4: மீன்நல மருத்துவர்

சொல்லாய்வில் தலையிடும் தகுதி எனக்கு இல்லை. எனினும், எந்தச் செயலுக்குப் பெயர் தேடுகிறீர்கள் என்பதைத் தெளிவாக்கிக்கொண்டால் பெயர் தானே நெருங்கி வரும் என்பதால் எழுதுகிறேன்.

என்னிடம் "இதை முடித்துவிடலாமா" என்று கேட்டுக்கொண்டு கொண்டுவரப்படும் தங்கமீன்களில் பலவற்றுக்கு நோய் இல்லை, நீர்தான் நோயுற்றிருக்கிறது. மீன் தன் அம்மோனியாவின் பெரும்பகுதியைச் செவுள் வழியே வெளியேற்றுகிறது. வடிகட்டியில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்ற வேண்டும். புதிய குளத்தில் அந்தக் கூட்டம் நிலைபெற ஏறத்தாழ 4 முதல் 6 வாரங்கள் ஆகும். அதற்குள் மீன்களை நெருக்கமாக விட்டு, தீவனத்தையும் அள்ளிப் போட்டால், அவை மேற்பரப்பில் வாயைப் பிளக்கும், துடுப்பை மடக்கிக்கொண்டு அடியில் கிடக்கும். அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக இருக்க வேண்டும் என்பதைச் சோதித்து, குளோரின் நீக்கிய, வெப்பநிலை ஒத்த நீரால் கால்பங்கு முதல் பாதி வரை மாற்றினாலே பல மீன்கள் தேறிவிடும். உடலில் நீர் கோத்து, வயிறு உப்பி, செதில்கள் நிமிர்ந்து நிற்கின்ற மீன் வேறு வகை; அந்த நிலைக்கு வந்தவற்றில் மீள்பவை சில. உண்ணாமலும் நிமிர்ந்து நிற்க இயலாமலும் நாட்கணக்கில் கிடக்கும்போதுதான் உங்கள் கடைசி இயல் தொடங்க வேண்டும்.

செயலின் வரையறை ஒன்றே ஒன்று: உணர்விழப்பு முதலில், உயிரிழப்பு பின்னர். இந்த வரிசை மாறினால் அதற்கு நீங்கள் வைக்கும் பெயர் எதுவும் பொருந்தாது. உறைபெட்டி இதில் தோற்கிறது. தங்கமீன் குளிர்நீர் மீன். ஆக்சிஜன் அற்ற குளிர்ந்த நீரில்கூட லாக்டிக் அமிலத்தை எத்தனாலாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றி உயிர் தாங்கக்கூடியது. அதற்குக் குளிர் ஒரு தூக்கமன்று, நீண்ட சாவு. உயிரோடு கழிப்பறையில் விட்டு நீரூற்றுவதும், நீருக்கு வெளியே போட்டுவிடுவதும் அப்படியே. ஆற்றிலோ ஏரியிலோ விடுவது இன்னும் கேடு; நோயும் பரவும், பிழைத்தால் அயலினமாகப் பெருகவும் செய்யும்.

வீட்டில் இயலக்கூடியது கிராம்பு எண்ணெய். அதிலுள்ள யூஜெனால் சிறு அளவில் மயக்கும், மிகு அளவில் கொல்லும். எண்ணெய் நீரில் கலவாது என்பதால், மூடியிட்ட புட்டியில் சிறிது வெதுவெதுப்பான நீரோடு குலுக்கி, அந்தப் பால்போன்ற நீரைக் குளத்து நீர் நிரப்பிய தனிக் கலத்தில் சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். மீன் கவிழ்ந்து, தொட்டாலும் அசையாத நிலைக்கு வந்த பிறகே முழு அளவையும் சேர்க்க வேண்டும். செவுள்மூடியின் அசைவு நின்ற பிறகும் குறைந்தது 10 நிமிடங்கள் அதே நீரில் விட்டுவைப்பது கட்டாயம். நின்றது போலத் தெரிந்து மீண்டும் மூச்செடுத்த தங்கமீன்களைப் பார்த்திருக்கிறேன். அளவை மட்டும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள்.

ஒரு வேண்டுகோள். கையேட்டில் "இலவங்க எண்ணெய்" என்று எழுதிவிடாதீர்கள். இலவங்கம் கிராம்புதான் என்பதை நான் அறிவேன். கடைக்குப் போகிறவர் இலவங்கப்பட்டை எண்ணெயோடு திரும்பி வருவார்.

மடல் 5: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

மருத்துவருக்கு நன்றி. கிராம்பு என்றே இருக்கட்டும். அந்த ஓரிடத்தில் தூய்மையை விட்டுக்கொடுக்கிறேன்.

தம்பி கேட்ட பிறவினையைத் தேடி இரவு வெகுநேரம் விழித்திருந்தேன். வடக்கு நோக்கி அமர்ந்து உண்ணாதிருந்து உயிர்விடும் வடக்கிருத்தல் நினைவுக்கு வந்தது. ஆயின் கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் தாமே தேர்ந்து வடக்கிருந்தார்கள். மீனுக்குத் திசையும் இல்லை, தேர்வும் இல்லை. பின்னர்க் குறளுக்குப் போனேன், கைமேல் கிடைத்தது. கொல்லாமை அதிகாரத்தில் "தன்னுயிர் நீப்பினும்" என்று தன் உயிருக்கு ஒரு வினையும், "இன்னுயிர் நீக்கும் வினை" என்று பிற உயிருக்கு வேறொரு வினையும் வள்ளுவர் ஆள்கிறார். நீத்தல் தானே துறப்பது. நீக்கல் பிறர் செய்வது. உயிர்நீத்தார் என்று நாம் இன்றும் எழுதுகிறோம் அல்லவா? ஆகவே உயிர்நீக்கம். அதன் முன் நோவு அற்ற என்ற பொருளில் நோவறு என்ற அடையைச் சேர்க்க: நோவறு உயிர்நீக்கம். அருட்கொலையை நான் திரும்பப் பெறவில்லை என்பதையும் இத்துடன் சொல்லிவைக்கிறேன்.

மடல் 6: பள்ளி ஆசிரியை

ஐயாவின் சொல்லை இன்று ஆறாம் வகுப்பில் கரும்பலகையில் எழுதி, வாய்விட்டுப் படிக்கச் சொன்னேன். நான்கு பிள்ளைகளில் மூவர் "நோ வறு" என்று பிரித்துப் படித்தார்கள். மீனைப் பற்றிய பாடம் என்று முன்னரே சொல்லியிருந்ததால், வறுப்பதில் அவர்களுக்கு ஐயமே எழவில்லை. மூன்றாம் மடலில் அவித்தலும் ஐந்தாம் மடலில் வறுத்தலும் வந்துவிட்ட நிலையில், இந்தக் கையேடு சமையலறைக்குப் போய்விடுமோ என்று அஞ்சுகிறேன்.

நோவு என்பது பேச்சிலும் இருக்கிறது, ஆனால் வலி அதைவிட எல்லாருக்கும் தெரிந்தது. வலியில் உயிர்நீக்கம் என்று சுருக்க வேண்டா. வலி இல்லாத என்று நீங்கள் எழுதினாலும், வலியில் வைத்து உயிர் நீக்குவதாகவே பிள்ளைகள் படிப்பார்கள். பொருள் நேர் எதிராகிவிடும்.

மடல் 7: மொழியியல் ஆய்வு மாணவர்

குறள் எடுத்துக்காட்டு மிகச் சிறப்பு ஐயா. ஆனால் ஓர் இடர் இருக்கிறது. தன் உயிரே போவதானாலும் பிற உயிரை நீக்கும் வினையைச் செய்யற்க என்பதே அந்தக் குறள். ஒரு செயலை முற்றாக விலக்கும் அடியிலிருந்தே அச்செயலுக்கான கலைச்சொல்லை எடுத்து, செய்முறை விளக்கத்தின் தலைப்பில் வைக்கிறோம். மேலும் நீக்கம் என்றதும் எனக்குப் பணிநீக்கம் நினைவுக்கு வருகிறது; மீனுக்கு ஓலை கொடுத்து அனுப்புவது போல இருக்கிறது.

கொலை என்பது மனிதர் மீதான குற்றத்தை மட்டுமே குறிக்கும் என்ற எண்ணமும் சரியன்று என்பதற்கு அதே அதிகாரமே சான்று. அது எல்லா உயிர்களையும் பற்றியது. கருணையை வடசொல் என்று தள்ளுவதற்கும் தொல்காப்பியம் இடம் தரவில்லை. வடவெழுத்தை நீக்கித் தமிழ் எழுத்தோடு பொருந்திவிட்டால் அதைச் செய்யுளில் ஆளலாம் என்கிறது அந்நூலின் எச்சவியல். கருணையில் நீக்குவதற்கு ஒரு வடவெழுத்தும் இல்லை.

மடல் 8: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

விலக்குவதற்கும் முதலில் ஒரு பெயர் வேண்டும், தம்பி. கள்ளுண்ணாமை எழுதியவரிடமிருந்தே கள் என்ற சொல்லை நாம் ஆள்கிறோம். எச்சவியல் நூற்பா செய்யுட்குரியது என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். மீன் கையேடு செய்யுள் அன்று.

மடல் 9: மீன்நல மருத்துவர்

வளர்ப்பவர்களிடம் நான் பேசும்போது "கருணைக்கொலை" என்றால் அனைவருக்கும் உடனே விளங்குகிறது. கொலை என்ற சொல் சற்று உறுத்துவதும் நல்லதே. உறுத்தினால்தான் நீரை ஒருமுறை சோதித்துவிட்டு முடிவெடுப்பார்கள். மென்மையான சொல் கையில் இருந்தால் அவசரப்படுவார்கள் என்பது என் கவலை. "தூங்க வைத்துவிடுங்கள்" என்று கேட்ட ஒருவருக்கு, மயக்கிப் புண்ணைத் தூய்மை செய்து மீனைத் திருப்பித் தந்தேன். அவர் திகைத்துப் போனார். அவர் சொல்ல வந்தது வேறு.

மடல் 10: மொழிபெயர்ப்பாளர்

நாளை வெள்ளிக்கிழமை. எல்லா மடல்களையும் மறுபடி படித்து, இதுவரை கருத்துச் சொன்னவர்களுள் மூவர் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவதை எழுதிவிட்டேன். தலைப்பிலும் செய்முறையிலும் "வலியில்லா உயிர்நீக்கம்". முதல் இடத்தில் மட்டும், "கருணைக்கொலை என வழங்குவது" என்ற விளக்கம். அதை அடுத்து மருத்துவரின் வரையறை, உணர்விழப்பு முதலில் என்பது தடித்த எழுத்தில். அந்த இயலுக்கு முன்பாக நீர்ச் சோதனைப் பக்கத்தை மீண்டும் ஒருமுறை அச்சிடச் சொல்லியிருக்கிறேன்; பக்கம் கூடுகிறது என்று வடிவமைப்பாளர் முணுமுணுத்தார். பிரித்து வைக்கும் தொட்டி, தனித்தொட்டி.

மடல் 11: ஓய்வுபெற்ற தமிழாசிரியர்

"வலியில்லா" என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், குறையில்லை, ஏற்கிறேன். ஆயினும் அருட்கொலைக்கு ஒருவர்கூட ஆதரவு தரவில்லை என்பதை வருத்தத்தோடு பதிவு செய்கிறேன். தங்கமீனைப் பொன்மீன் ஆக்காமல் விட்டதைப் பற்றி இரண்டாம் பதிப்பின்போது எழுதுவேன். பொன் என்பது வியாழனுக்கும் பெயர், மீன் என்பது விண்மீனுக்கும் பெயர் என்று மாணவத் தம்பி தடை எழுப்புவார். அதற்கான விடையை இப்போதே எழுதி வைத்துவிட்டேன்.